பூக்காமல் இருக்க ஊற்றிய தண்ணீர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற சாலை, மலை ஏறத் தொடங்கும் முன் கல்லாற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம் போகும். அந்த இடத்தில்தான் எங்கள் டீக்கடை. என் கணவர் திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கிற தம்பானூரில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருஷம் டீ மாஸ்டராக இருந்தார். ஜன்னல் இல்லாத சமையல்கட்டில் நின்று நின்று நெஞ்சில் இரைப்பு வந்துவிட்டது. காற்றோட்டமான இடமாகப் பார்த்துப் போங்கள் என்று டாக்டர் சொன்னபோது, தெரிந்தவர் ஒருவர் காட்டிய இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்துசேர்ந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம். மலை புதிதில்லை. ஆறுதான் புதிது.

முதல் வருஷம் வண்டிகள் எங்கள் கடையில் நிற்கவில்லை. மேலே போகிறவர்களுக்கு அவசரம், இறங்கி வருகிறவர்களுக்குக் களைப்பு. இங்கே நிற்கலாம் என்று அவர்களுக்குத் தோன்ற ஏதாவது வேண்டும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வேலை பார்த்த ஓட்டலுக்கு எதிரே ஒரு குல்மோகர் மரம் இருந்தது. எங்கள் ஊரில் மே பூ மரம் என்போம், இங்கே வாக என்கிறார்கள். அது சிவந்து நிற்கும் நாட்களில், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். அதன் காய் நீளமாக, கறுப்பாக, அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். ஒரு நாள் அங்கே போனவர் நாலைந்து காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

வளர்க்கிற வேலை என்னுடையதானது. விதைத் தோல் கல் மாதிரி இருந்தது. முதலில் பத்து விதையைச் சும்மா மண்ணில் புதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த தடவை ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் அம்மியில் தேய்த்து, உள்ளே வெளுப்புத் தெரிந்ததும் நிறுத்தி, வெந்நீரில் போட்டு மறுநாள் காலை வரை விட்டேன். ஊறி உப்பியதை மட்டும் எடுத்து, பால் கவர்களில் மண்ணும் மணலும் கலந்து நிரப்பி ஊன்றினேன். எட்டாம் நாள் முளை விட்டது. முழங்கால் உயரம் வந்ததும் அதில் நேராக இருந்த கன்றைக் கடைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த சரளை மேட்டில் நட்டோம். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நட வேண்டும். இதன் வேர் ஆழமாகப் போகாமல் பரந்து ஓடித் தரையைத் தூக்கிவிடும். மூன்று பக்கமும் கம்பு நட்டுத் துணியால் கட்டினேன். ஆள் உயரத்துக்கு மேல் போகும்வரை பக்கக் கிளைகளைக் கழித்துக்கொண்டே வந்தேன். விட்டால் கீழேயே கவையாகப் பிரிந்து, பெரிதான பிறகு காற்றில் பிளந்துபோகும்.

ஆறு வருஷம் அது பூக்கவில்லை. குடை மாதிரி விரிந்து பச்சையாக நின்றது, அவ்வளவுதான். விதுராவில் நர்சரி வைத்திருந்த ஒருவர் செடி ஏற்றிக்கொண்டு போகும்போது எங்களிடம் டீ குடிப்பார். அவரிடம் கேட்டேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, நான் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்தார். அது நேராக மரத்தடிக்குத்தான் போனது. வருஷம் முழுக்கத் தண்ணீரும் எச்சில் சோறும் கிடைக்கிற மரம் ஏன் பூக்க வேண்டும் என்று கேட்டார். தை பிறந்ததும் தண்ணீரை நிறுத்த வேண்டும், சாணமும் போடக் கூடாது, இலையெல்லாம் கொட்டி அது வாடி நிற்க வேண்டும், அப்போதுதான் பூ வரும் என்றார். நாங்கள் வாய்க்காலை வேறு பக்கம் திருப்பினோம். மாசியில் மரம் மொட்டையானது. செத்துவிட்டதோ என்று நான் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன்; உள்ளே பச்சை இருந்தது. சித்திரை பாதியில் ஒரு காலை நேரம் கடையைத் திறந்தபோது உச்சியில் ஒரு கொத்து சிவப்பாக இருந்தது. பத்து நாளில் மரம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

அதன் பிறகு வண்டிகள் நின்றன. கார்கள், பைக்குகள், நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிற வேன்கள். மரத்தடியில் படம் எடுத்துக்கொள்வார்கள், டீ குடிப்பார்கள், பிறகு ஆற்றில் இறங்குவார்கள். ஆற்றுக்குப் போகிற பாதை மரத்தடியிலிருந்துதான் தொடங்கியது. ஆற்றின் நடுவில் ஒரு சப்பைப் பாறை உண்டு. வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீரில் நடந்து அதற்குப் போய்விடலாம். அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிகிற தண்ணீர். அதைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

எனக்கு வந்தது. நாங்கள் வந்த முதல் கோடையில் ஒரு தடவை மலைவெள்ளம் வருவதைப் பார்த்திருந்தேன். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே பொன்முடியில் இடியோடு ஒரு மணி நேரம் மழை பெய்யும். நமக்கு ஒரு துளி விழாது. திடீரென்று தெளிந்த தண்ணீரில் காய்ந்த இலைகள் கூட்டமாக மிதந்து வரும். மண் வாடையோடு குளிர்ந்த காற்று வரும். பிறகு லாரி ஒன்று வளைவில் திரும்புகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஓட நேரமில்லை. இந்தக் கோடை மழை சித்திரை, வைகாசியில்தான் பெய்யும். குல்மோகர் பூப்பதும் அப்போதுதான். இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அப்போது என் கவலையெல்லாம் கிளைகளைப் பற்றியதாக இருந்தது.

ஏனென்றால் வருகிறவர்கள் கிளையை ஒடித்தார்கள். குல்மோகர் கிளை லேசில் ஒடியும்; ஒரு கொத்துப் பூவுக்காக எட்டி இழுத்தால் ஒரு கை நீளக் கிளை பட்டையோடு உரிந்து வரும். உரிந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி உளுத்துப்போகும். நான் பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைத்தேன், யாரும் படிக்கவில்லை. அரசாங்கம் வைத்த ஆற்று எச்சரிக்கைப் பலகையையே யாரும் படிப்பதில்லை. ஆகவே கத்தினேன். அடுப்படியில் இருந்தபடியே, பஜ்ஜி போட்டபடியே, கிளையில் கை வைக்கிறவரைப் பார்த்துக் கத்துவேன். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சாலையில் ஓடுகிற ஜீப்காரர்களுக்கு நான் பூவுக்குச் சண்டை போடுகிற சேச்சி ஆகிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் பால் வாங்க விதுராவுக்குப் போயிருந்தார். நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து நின்றது. அப்பா, அம்மா, அம்மாவின் தங்கை, ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. டீ குடித்தார்கள். குழந்தை பூவைக் கேட்டது போலிருக்கிறது. அப்பா எம்பி ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். அது பட்டையோடு கிழிந்து வந்தது. நான் வெளியே வந்து நன்றாகப் பேசிவிட்டேன். வளர்க்க எத்தனை வருஷம் ஆனது தெரியுமா, படித்தவர்தானே, பிள்ளைக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பீர்களா என்றெல்லாம். மனைவி முன்னால், மச்சினி முன்னால். அவர் முகம் சுருங்கிவிட்டது. கிளையைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிப் போனார்.

நான் உள்ளே போய் அடுத்த ஈட்டு பஜ்ஜியை எண்ணெயில் போட்டேன். கோபத்தில் கை வேகமாக ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, முதுகில் சில்லென்று காற்று பட்டது. மண் வாடை. சட்டுவத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எங்கள் தலைக்கு மேலே வெயில்தான். ஆனால் மேலே மலையைக் காணோம். அங்கே ஒரு கறுப்பு மட்டும் இருந்தது. ஆற்றைப் பார்த்தேன். இலைகள் வந்துகொண்டிருந்தன.

அவர்கள் நாலு பேரும் சப்பைப் பாறையில் இருந்தார்கள்.

மேலே வாங்க என்று கத்தினேன். என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தையின் கையிலிருந்த கிளையை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எல்லாரையும் பாறையின் அந்தக் கோடிக்கு, எனக்கு எட்டாத பக்கத்துக்குக் கூட்டிப் போனார். மச்சினி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பூவை ஆட்டிக் காட்டினாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பயத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. நான் கத்துவது அவர்களுக்குக் கேட்கிறது. கேட்பதால்தான் தள்ளிப் போகிறார்கள். இன்னும் கத்தினால் இன்னும் தள்ளிப் போவார்கள். கத்துவதை நிறுத்தினேன்.

பாதையில் இறங்கி ஓடினேன். பாதி வழியில் செருப்பு கழன்றது. கரைக்கு வந்து, தண்ணி வருது, தண்ணி வருது என்று இரண்டு கையாலும் மலையைக் காட்டினேன். அப்போதுதான் அந்த அம்மா தன் காலடியைப் பார்த்தாள். தெளிந்திருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். ஆனால் பாறைக்கும் கரைக்கும் நடுவில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் அதற்குள் முட்டிக்கு மேலே ஏறி இழுக்க ஆரம்பித்திருந்தது. அந்த மனிதர் ஒரு கால் வைத்தார், தடுமாறினார், மனைவி சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நானும் ஒரு கால் வைத்தேன். இழுப்பு அப்படி இருந்தது. காலை எடுத்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திரும்ப மேலே ஓடிச் சாலையின் நடுவில் கையை விரித்து நின்றேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப் ஒன்று என் மேல் மோதுகிற மாதிரி வந்து நின்றது. அந்த ஜீப்காரர் என்னைத் தெரிந்தவர்தான். என் முகத்தைப் பார்த்ததுமே, "மலவெள்ளமா சேச்சி?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்ச் சாமான் கட்டுகிற வடத்தை எடுத்தார். ஜீப்பில் இருந்த இரண்டு ஆட்களும் குதித்தார்கள். வடத்தின் ஒரு முனையைக் கரையில் நின்ற ஒரு பெரிய கல்லில் சுற்றி, மறு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வரும்போது தண்ணீர் அவர் இடுப்புக்கு இருந்தது. அடுத்து அம்மா, அதற்கடுத்து அந்தத் தங்கை. கடைசியாக அந்த மனிதர் வடத்தைப் பிடித்து வரும்போது நெஞ்சு வரை வந்துவிட்டது. நடுவில் கால் வழுக்கி முகம் கல்லில் அடித்து, ஒரு கணம் ஆளையே காணவில்லை. கரையில் நின்ற நாங்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். அவர் வந்து விழுந்தார்.

அவர் இருமி முடிப்பதற்குள் பாறை இல்லை. அந்த இடத்தில் செம்மண் தண்ணீர் உருண்டுகொண்டு போனது. ஒரு முழு மரம் வேரோடு அதில் போவதைப் பார்த்தோம்.

கடையில் உட்கார வைத்துப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். குழந்தைக்குச் சர்க்கரை கூடப் போட்டேன். அது குடிக்கவில்லை, அம்மாவின் ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் அப்பா புருவத்தில் துண்டை அமுக்கிப் பிடித்திருந்தார். ரத்தம் நின்ற பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க விளிச்சது கேட்டுது அக்கா," என்றார். "பூவுக்குத்தான் ஏசுதீங்கன்னு நெனச்சு வேணும்னே அந்தால போனோம்."

அவர்கள் போன பிறகு பார்த்தால், அடுப்பில் பஜ்ஜி கரியாகக் கிடந்தது; என் கணவர் பால் பாத்திரத்தோடு வந்து நின்று என்ன புகை என்று கேட்டார்.

மரத்தை வெட்டிவிடலாம் என்று அன்றைக்கே சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. சாலையோரப் புறம்போக்கு, மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்றார். பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னார். "பூ கண்டாத்தானே ஏளா வண்டி நிக்கி. மரம் என்ன தப்புச் செஞ்சுது." வெள்ளம் வந்தது மரத்தால் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்களை அங்கே நிற்க வைத்தது மரம். அந்த மரத்தை நிற்க வைத்தது நான். அதன் பிறகு அந்தக் கோடை முழுக்க, யாராவது அண்ணாந்து பூவைப் பார்த்து முகம் மலர்ந்தால் நான் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதலில் மலை தெரிகிறதா என்று பார்ப்பேன். டீ ஆற்றும்போது ஆற்றில் இலை தெரிகிறதா என்று பார்ப்பேன். யாராவது சிரித்துக்கொண்டு சத்தம் போட்டால்கூட டீயை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவருவேன்.

அடுத்த தை மாதம் நான் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் காலையில் பாலுக்குப் போனதும், பிளாஸ்டிக் குடத்தில் ஆற்றிலிருந்து மொண்டு பத்து குடம் மரத்தடியில் கொட்டுவேன். பக்கத்து வீட்டு மாட்டுச் சாணத்தைக் கரைத்து அதையும் ஊற்றினேன். தண்டுக்குப் பக்கத்தில் ஊற்றினால் போதாது, கிளை எதுவரை விரிந்திருக்கிறதோ அதுவரை வேர் இருக்கும் என்பதால் சுற்றிலும் ஊற்றினேன். பூக்க வைக்கக் கற்றுக்கொண்டதையெல்லாம் தலைகீழாகச் செய்தேன். மாசியில் மரம் பாதி இலையைத்தான் உதிர்த்தது. பங்குனியில் புது இலை தழைத்துவிட்டது. சித்திரையில் உச்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொத்துகள், அவ்வளவுதான். நர்சரிக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் எல்லா இடத்திலும் நன்றாகப் பூத்திருக்கிறதே என்று யோசனையோடு சொன்னார். அவர் மண்ணைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். வேருக்கு ஏதோ நோய் இருக்கும் என்று நானே சொன்னேன். என் கணவரும் பக்கத்தில்தான் நின்றார்.

வண்டிகள் குறைந்தன. ஆற்றுப் பாதையில் ஆள் இறங்குவது அருகிப்போனது. மத்தியானத்தில் சப்பைப் பாறை வெறுமையாகக் காயும். அதைப் பார்க்கும்போது பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு நெஞ்சுக்குள் முழுதாக இறங்கியது.

வைகாசி தொடக்கத்தில் ஒரு நாள் மேலே மழை பெய்து ஆறு கலங்கிப் போனது. எங்கள் பக்கம் யாரும் இல்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதே ஜீப்காரர் வந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்கச் சேறு. டீ கேட்டார், கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். கீழே அடுத்த வளைவில் ஒரு ஜோடி ஆற்றில் இறங்கியிருக்கிறது, புதிதாகக் கல்யாணமானவர்கள். அந்த இடத்தில் கடையும் கிடையாது வீடும் கிடையாது. வெள்ளம் வந்தபோது அந்தப் பெண் கரைப் பக்கம் இருந்ததால் ஏறிவிட்டாள். அவள் புருஷனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அரை கிலோமீட்டர் தள்ளிக் கீழே ஈத்த மூங்கில் புதரில் சிக்கிக்கிடந்தவரை இவரும் ஜீப்பில் இருந்தவர்களும்தான் எடுத்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். யாரோ எடுத்த படத்தில் ஆற்றோரம் ஒரு சிவந்த மரத்தைப் பார்த்து, அதைத் தேடித்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் வழியில் எங்கள் கடையைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். மரம் பச்சையாக நின்றதால் இது இல்லை என்று நினைத்துக் கீழே போய்த் தேடியிருக்கிறார்கள்.

"இவிடெ நின்னிருந்தா சேச்சி கண்டேனே," என்றார் ஜீப்காரர். இங்கே நின்றிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்களே என்று. அவர் குற்றம் சொல்லவில்லை. என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடம், சாணம், எத்தனை நாள், எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மண்ணு ஈரமா கெடந்தத நானும் கண்டேன்," என்றார். "கேக்கல."

ஏன் என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனேனே, அதற்குப் பிறகு எனக்கும் அந்தப் பூ வராமல் இருந்தால் தேவலை என்றிருந்தது என்றார். மரத்தை வெட்டக் கூடாது என்று வாயால் சொன்னவர், பூக்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம்.

அடுத்த தையில் நான் குடத்தைத் தொடவில்லை. வாய்க்காலையும் நன்றாக அடைத்தோம். அவர் உள்பக்கம் நெருக்கமாக வளர்ந்த கிளைகளை மரம் அறுக்கிற வாளால் அறுத்து, அறுத்த இடத்தில் தண்ணீர் தங்காமல் சரிவாகச் சீவினார். மாசியில் மரம் முழுதாக மொட்டையானது. சித்திரையில் பூத்தது, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பரீட்சைக்கு மணி அடித்த மாதிரி இருந்தது.

பூவுக்குக் கத்துவதை அந்தச் சித்திரையோடு விட்டேன். கேட்கிறவர்களுக்குக் கொத்துக் கொத்தாக நானே வெட்டிக் கொடுத்தேன். கேட்காமல் ஒடிக்கிறவர்களையும் விட்டுவிட்டேன். பட்டை உரிந்தால் உரியட்டும், மழை முடிந்ததும் சரி செய்துகொள்ளலாம். என் குரல் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எழும் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் குரலும் போதாது என்று விதுராவிலிருந்து ஒரு விசில் வாங்கி வந்தார் அவர், விளையாட்டு வாத்தியார்கள் கழுத்தில் போட்டிருப்பார்களே, அது. ஆற்றில் இறங்குகிற ஒவ்வொருவரிடமும், இது ஊதினால் கேள்வி கேட்காமல் ஏறிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவேன். பூ இருக்கிற இரண்டு மாதமும் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் அவர் கடையை விட்டு எங்கும் போவதில்லை. ஒருவர் அடுப்பில் என்றால் மற்றவர் மரத்தடியில், மலையைப் பார்த்தபடி.

இந்த வருஷம் ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள், தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள் லீவாம். தலையில் ஆளுக்கொரு சிவப்புப் பூவைச் செருகிக்கொண்டு பாறைக்குப் போனார்கள். இரண்டரை மணி இருக்கும், மலை உச்சி மங்கலாக மறைந்தது. காற்று வரவில்லை, இலை வரவில்லை. ஊதலாமா வேண்டாமா என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டே நின்றேன். ஊதினேன். முனகிக்கொண்டே எல்லாரும் ஏறி வந்தார்கள். அரை மணி நேரம் மரத்தடியில் நின்று ஆற்றைப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கூழாங்கல் தெரிகிற மாதிரி அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"எங்கே அக்கா வெள்ளம்? சும்மா எங்கள ஏத்திவிட்டீங்களே," என்றாள் ஒருத்தி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது, வேன்காரர் ஹாரன் அடித்தார்.

எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். அவர்கள் போனதும் என் கணவர் என் கையிலிருந்த விசிலை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, நீ போய்ச் சாப்பிடு என்றார். சோற்றைப் போட்டுக்கொண்டு தட்டோடு வாசலுக்கு வந்து, ஆறு தெரிகிற பக்கமாக உட்கார்ந்தேன்.